நடையைக் குறைத்தால் காடு விரியும்: பொதிகைச் சரிவில் ஐம்புல அனுபவம்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறும் சாலை, தென்தமிழகத்தின் காட்டு வகைகளைச் சில மணி நேரத்துக்குள் வரிசையாகக் காட்டிவிடுகிறது. அணைக்கட்டை ஒட்டி உடைமரமும் முள்புதரும். சற்று மேலே, கோடையில் இலை உதிர்த்து நிற்கும் காடு. ஆயிரம் மீட்டரைத் தாண்டினால், நண்பகலிலும் வெயில் தரைக்கு வராத பசுமைமாறாச் சோலை. இடையே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக மனிதக் கைகள் பேணிய தேயிலைச் சரிவுகள். இத்தனையும் கடந்து போய்த் திரும்பியவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "குளுகுளுன்னு இருந்தது, அருவியில குளிச்சோம், போட்டோ எடுத்தோம்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. அதே சரிவில் வாழும் காணிப் பழங்குடியினரோ, வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலரோ அரை மணி நேர நடையில் பெறும் செய்திகளைச் சொல்லத் தொடங்கினால் ஒரு பொழுது போதாது.

இந்த வேறுபாடு பிறவிக் கூர்மையால் வருவது அன்று. பழக்கத்தால் வருவது. அப்படியானால் அந்தப் பழக்கத்தை நாமும் வளர்த்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதனால் என்ன பயன்? அறிவியல் இதில் எவ்வளவு தூரம் உறுதி தருகிறது? நம் மரபு என்ன சொல்கிறது? புலிகள் காப்பகமாக இருக்கும் ஒரு மலையில் யார், எப்படி நடக்கலாம்? இந்தக் கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையை ஆழமாக அறிய அதிகத் தொலைவும் அதிக உயரமும் தேவையில்லை. மெதுவான நடையும், கண்ணை மட்டும் நம்பாத கவனமும் தேவை. அந்தக் கவனம் நம் மன அமைதியோடு நின்றுவிடக் கூடாது. காட்டுக்கும் ஆற்றுக்கும் நாம் பட்டிருக்கும் கடனை அது நினைவூட்ட வேண்டும்.

பழந்தமிழ் வகுத்த வரிசை

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர்கள். அடுத்து நாக்கின் சுவை, பிறகு மூக்கின் நாற்றம், பிறகு கண், பிறகு செவி என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஆறாவதாக மனம் வருகிறது. உயிர்களை வகைப்படுத்த வந்த வரிசைதான் இது. ஆனால் மலையில் நடப்பவர் இதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. இதில் கண் நான்காம் இடத்தில் இருக்கிறது. தொடுதலும் சுவையும் மணமும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. இன்றைய மலைப் பயணமோ கண்ணிலேயே தொடங்கிக் கண்ணிலேயே முடிகிறது.

திணைக் கோட்பாடும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. ஒரு நிலத்தின் கருப்பொருள் என்று இலக்கணம் பட்டியலிடுபவை தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை. உணவில் சுவை இருக்கிறது. மரத்திலும் பூவிலும் மணமும் நிறமும் இருக்கின்றன. பறவையிலும் பறையிலும் யாழிலும் ஓசை இருக்கிறது. தொழிலில் கையும் காலும் இருக்கின்றன. ஒரு நிலத்தை அதன் காட்சியை மட்டும் வைத்து அடையாளம் காட்டிவிட முடியாது என்ற புரிதல் அந்தக் கோட்பாட்டின் அடியில் ஓடுகிறது. குறிஞ்சிக்கு உரிய பொழுதாக நள்ளிரவையும், கூதிர், முன்பனிக் காலங்களையும் வைத்தார்கள். கண் அதிகம் உதவாத பொழுது அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இவை இலக்கிய மரபுகள், கள ஆய்வுக் குறிப்புகள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் ஒரு சமூகம் மலையை எத்தனை வாயில்கள் வழியாக உள்வாங்கியது என்பதற்கு இவை சான்று.

பிற்காலத்திலும் இந்த மண் அத்தகைய கவனம் உடையவர்களைத் தந்திருக்கிறது. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகப் பதிப்பித்தார். நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 2024-இல் மறைந்தார். செந்நாய்களைப் பற்றிய ஆய்வுக்காக அறியப்பட்ட அவர், காட்டைக் காலால் நடந்தே அறிய வேண்டும் என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த அனுபவங்களை 2015-இல் நூலாக்கினார்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

இயற்கையில் புலன்களைத் திறந்து நடப்பது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்ற பேச்சு இன்று உலகெங்கும் கேட்கிறது. அதன் பெயர்பெற்ற வடிவம் ஜப்பானின் 'ஷின்ரின் யோகு', அதாவது வனக் குளியல். 1982-இல் அந்நாட்டு வனத்துறை அதை அறிமுகப்படுத்தியது. பிறகு இருபத்துநான்கு காடுகளில் 280 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. நகரத்தில் இருந்தபோது இருந்ததைவிடக் காட்டில் இருந்தபோது அவர்களின் எச்சிலில் மன அழுத்த இயக்குநீரான கார்ட்டிசாலின் அளவு பத்து விழுக்காட்டுக்கும் சற்று மேலாகக் குறைந்திருந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஓரளவு தணிந்திருந்தன.

அமெரிக்காவில் ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் இணையர் 1989-இல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்தை முன்வைத்தார்கள். படிப்பிலும் அலுவலிலும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இலையசைவும் நீரோட்டமும் நம்மை வலிந்து இழுக்காமல் ஈர்ப்பவை. அந்த ஈர்ப்பில் களைத்த கவனம் மீண்டும் தேறுகிறது என்பது அவர்கள் கருத்து. 2008-இல் மிச்சிகன் மாநிலத்தில் மாணவர்களை மரப்பூங்காவிலும் நகரத் தெருவிலும் நடக்கவைத்து நினைவாற்றலைச் சோதித்தபோது, பூங்காவில் நடந்த பிறகு அவர்கள் தெளிவாகவே முன்னேறியிருந்தார்கள். 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரிடம் திரட்டிய தகவலின்படி, வாரத்துக்கு 120 நிமிடமேனும் இயற்கைச் சூழலில் செலவிட்டவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமானது டெர்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டது. இயற்கையோடு ஒருவருக்கு உண்டாகும் நெருக்கம் எந்த வழிகளில் வளர்கிறது என்று அவர்கள் தேடினார்கள். புலன் வழித் தொடர்பு, உணர்ச்சி, அழகு, பொருள், பரிவு ஆகிய ஐந்தும் அந்த நெருக்கத்தை வளர்த்தன. உயிரினங்களைப் பற்றிய தகவல்களை அறிவதாலோ பெயர்களை மனப்பாடம் செய்வதாலோ மட்டும் அது வளரவில்லை.

இவற்றை எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும். ஜப்பானிய ஆய்வில் பங்கேற்றவர்கள் இளம் ஆண்கள். அளக்கப்பட்டதும் சில மணி நேர மாற்றமே. இங்கிலாந்துத் தகவல் ஒரு தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. உடல்நலம் உள்ளவர்களே அதிகம் வெளியே நடப்பவர்களாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இவை பெரும்பாலும் யானை குறுக்கிடாத பாதைகளில் நடந்த ஆய்வுகள். மாஞ்சோலைச் சரிவில் நடப்பவரின் கவனத்தில் இளைப்பாறல் பாதி, விழிப்பு பாதி. இங்கே பெயர் அறிவும் குரல் அறிவும் உயிர் காப்பவை. ஆகவே அறிவு தேவையில்லை என்று டெர்பி ஆய்வைப் படிப்பது இம்மலைக்குப் பொருந்தாது. புலன் முன்னே போக, அறிவு அதைத் தொடர்ந்து வரட்டும் என்று படிப்பதே பொருந்தும்.

மெய்

தொல்காப்பிய வரிசையிலேயே போவோம். மலையேறுபவருக்கு முதலில் செய்தி தருவது தோல். காற்று ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. மணிமுத்தாறு அடிவாரத்தில் வியர்த்தவர் மேலே காக்கச்சியில் தோளைப் போர்த்திக்கொள்வது இதனால்தான். ஏறும்போது எந்த வளைவில் காற்று மாறியது, எங்கே ஈரம் கூடியது என்று கவனித்துப் பாருங்கள். காட்டின் வகை மாறும் இடமும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று மலையின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கத்தில் சாரலாகவும் ஈரக்காற்றாகவும் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து இன்னொரு பருவமழை. மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களான ஊத்தும் நாலுமுக்கும் மாநிலத்தின் உச்ச மழை அளவுப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுவதற்கு இந்த இரட்டை மழையே காரணம்.

காலும் ஓர் உணர் உறுப்புதான். சரளை, ஈரப்பாறை, சருகு மெத்தை ஆகிய ஒவ்வொன்றிலும் உடல் தன் எடையைப் பகிர்ந்துகொள்ளும் விதம் மாறுகிறது. தார்ச்சாலையில் மறந்துபோன இந்த அறிவு மலைப்பாதையில் அரை நாளில் திரும்பிவிடும். தொடுதலுக்கு எல்லையும் உண்டு. செந்தட்டி உரசினால் தோல் நெடுநேரம் எரியும். மழைக்காலத்தில் அட்டைகள் நம் காலடி அதிர்வையும் உடல் சூட்டையும் மூச்சையும் உணர்ந்து நெருங்கும். இலக்கியம் ஓரறிவு என்று சொன்ன மரத்தின் பட்டையில் கையை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அந்தப் பட்டையில் எறும்புச் சாரியும் பாசியும் பல்லியும் குடியிருக்கின்றன என்பதைக் கண்ட பிறகு கை வைக்க வேண்டும்.

நாக்கு

சுவைதான் மலையில் மிகவும் கட்டுப்பட வேண்டிய புலன். ஆனால் பொதிகை என்னும் அகத்தியமலைக் காட்டின் மிகப் புகழ்பெற்ற நடைப்பயணக் கதை சுவையைப் பற்றியதே. 1987-இல் கேரளப் பக்கத்துச் சரிவில் தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் குழுவினர் காணி மக்களின் வழிகாட்டலில் நடந்தார்கள். ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகள் சிறு காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கி, பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995-இல் தயாரிப்பு உரிமை ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது, வருவாயில் ஒரு பங்கு காணி சமூகத்துக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. மரபறிவுக்கு உரிய பங்கைத் தரும் முயற்சிகளில் உலகளவில் முன்னோடியாக இது பேசப்படுகிறது. பங்கீட்டில் சிக்கல்கள் எழுந்ததும் உண்மை. இந்த நிகழ்வு காட்டும் பாடம், ஒரு சமூகத்தின் நாக்கு பல தலைமுறைகளாகச் சேர்த்த அறிவை வழிப்போக்கர் ஒரு நாளில் பெற்றுவிட முடியாது என்பது. தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. காப்பகத்துக்குள் காய் கனிகளைப் பறிப்பது சட்டப்படியும் தவறு. அது குரங்குக்கும் மரநாய்க்கும் உரிய உணவு.

அப்படியானால் நாக்குக்கு என்ன மிச்சம்? கொண்டுபோன கட்டுச்சோறு. நடந்த பசியில் புளிச்சோற்றின் உப்பும் புளிப்பும் தனித்தனியாகத் தெரியும். நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிப்பதை வீட்டிலும் அறியலாம். ஏறிக் களைத்த பிறகு அந்த இனிப்பு இன்னும் துலங்கும். கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். உளுந்து மாவோடு பிரண்டைச் சாறு சேர்த்து அப்பளம் இடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பிரண்டை அடிவார முள்புதரில் படர்ந்து கிடக்கும் கொடி. ஊர் அடுக்களைக்கும் மலையடிவாரத்துக்கும் உள்ள உறவை நாக்கு இப்படித்தான் கண்டுகொள்கிறது.

மூக்கு

மனித மூக்கு மழுங்கியது என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. அண்மைக்கால ஆய்வுகள் அதை அசைத்துவிட்டன. 2007-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் மாணவர்களின் கண்ணையும் காதையும் மறைத்து, புல்தரையில் சாக்லேட் மணம் பூசிய கயிற்றுத் தடத்தைத் தொடரச் சொன்னார்கள். பெரும்பாலோர் தவழ்ந்தபடி முகர்ந்தே தொடர்ந்தார்கள். பழகப் பழக வேகமும் கூடியது. மூக்கு பயிற்சியால் கூர்மையாகும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை எடுத்துக்கொள்வோம். அதன் வேதியியலை 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் விளக்கினார்கள். அதில் முக்கியமான ஒரு பொருள் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு என்ற அளவில் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்கிறது. மண்வாசனையை முகரும்போது நாம் முகர்வது உயிருள்ள மண்ணை.

இது புலிகள் காப்பகம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் நீரில், பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருப்பதைக் கொல்கத்தா அறிவியலாளர் பிரம்மச்சாரி கண்டறிந்தார். காட்டில் பழகியவர்கள் யானை அருகில் இருப்பதையும் பெரும்பாலும் மூக்கால்தான் முதலில் அறிகிறார்கள். மனிதர்களுக்கு வாசனைத் தைலங்கள் இன்பம் தரலாம். காட்டு நடைக்கு வரும் நாளில் அவற்றைத் தவிர்ப்பது நம் மூக்குக்கும் விலங்குகளுக்கும் நல்லது.

கண்

கண்ணுக்குப் பார்க்கத் தெரியும் என்று நினைக்கிறோம். தொலைவில் தெரியும் மலைமுகட்டையும் அருவியையும் அது தானே பிடித்துக்கொள்ளும். அருகில் இருப்பவற்றை அது தவறவிடும். இம்மலையில் நாங்கு மரம் துளிர்க்கும் பருவத்தில் இளந்தளிர் செக்கச் செவேல் என்று தொங்கும். தூரத்திலிருந்து பூ என்றே எண்ணத் தோன்றும். தளிரில் உள்ள அந்தச் செந்நிறமி இலை முற்ற முற்ற மறைந்து பச்சை ஏறுகிறது. ஒரு கிளையிலேயே சிவப்பிலிருந்து கரும்பச்சை வரை எல்லாப் படிகளையும் காணலாம். செங்குறிஞ்சி மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அதன் முன் நிற்கிறோம் என்று அறிந்து பார்க்கும் பார்வை வேறு.

ஆழமாகப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்குக் காக்கச்சிக் காட்டில் நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டு. பிரியா தாவிதார், கணேஷ், சுபத்ரா தேவி ஆகிய அறிஞர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் ஒரே சோலையின் மரங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மர உச்சிவரை கயிற்றில் ஏறி, எந்த மரம் எப்போது பூக்கிறது, யார் அதன் மகரந்தத்தைச் சுமக்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். வெடிப்பலா மரத்தைப் பற்றி அவர்கள் கண்டது வியப்புக்குரியது. மற்ற கனிகள் அரிதாகும் காலத்தில் அது கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. கருமந்தி, சோலைமந்தி, மலையணில், வவ்வால் என மரவாழ் விலங்குகள் அந்தப் பூவை நாடி வருகின்றன. ஆயிரம் காடுகளை ஒருமுறை பார்த்தவருக்குக் கிடைக்காத அறிவு, ஒரு காட்டை ஆயிரம் முறை பார்த்தவர்களுக்குக் கிடைத்தது. நடைப்பயணி இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய எளிய பயிற்சி ஒன்று உண்டு. வழியில் ஒரு மரத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் அதே மரத்திடம் திரும்பி வாருங்கள்.

செவி

சோலைக்குள் பார்வை சில அடிகளில் முட்டி நின்றுவிடும். அதன்பிறகு காடு காதுக்கே திறக்கிறது. விடியலுக்கு முன் ஓடைக்கரையில் சீகாரப்பூங்குருவி ஒரு மனிதர் மெட்டுத் தெரியாமல் சீழ்க்கையடிப்பதுபோல் பாடும். இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் சிறகின் உரத்த மூச்சொலியே அதைக் காட்டிக்கொடுக்கும். மாலையில் சில்வண்டுகளின் ஒலி எழுந்து ஒரேயடியாக அடங்கும். நீரோசையிலும் பல உண்டு. மடுவில் தேங்கும் நீர், கூழாங்கல் மேல் ஓடும் நீர், பாறையில் விழும் நீர் மூன்றையும் கண்ணை மூடிப் பிரித்தறியலாம். மரக்கிளையில் ஓடும் காற்றைத் தொலைவில் உள்ள அருவி என்று தவறாகக் கேட்பது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேரும்.

காட்டில் ஓசை ஒரு செய்திப் பரிமாற்றம். சிறுத்தையோ புலியோ நகர்ந்தால் கருமந்தியும் மிளாவும் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். காவலர்கள் அந்தக் குரலின் திசையையும் தொடர்ச்சியையும் வைத்து விலங்கு எங்கே போகிறது என்று கணிக்கிறார்கள். "பேசாம வாங்க அண்ணாச்சி" என்று வழிகாட்டி சொல்லும்போது அது ஒழுக்கப் பாடம் அன்று. நம் பேச்சு அந்தச் செய்தியை மூடிவிடும் என்பதற்காகச் சொல்வது. பார்வையற்ற ஒருவர் இந்தக் காட்டில் நம்மைவிட நுட்பமாகக் கேட்டு நடக்கக்கூடும். மலை நடை என்பதைக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் வைத்திருப்பதால் அவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறோம். ஓசைக்கும் மணத்துக்கும் இடம் தரும் நடைகளை வகுத்தால் அந்தக் கதவு திறக்கும்.

இங்கே கைப்பேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அருங்காட்சியக நடையை வைத்துச் சோதித்தார்கள். படம் எடுத்தவர்களுக்குப் பார்த்தவை கூடுதலாக நினைவிருந்தன. ஆனால் கேட்டவை குறைவாகவே நினைவிருந்தன. படம் எடுப்பது கவனத்தைக் கண்ணின் பக்கம் சாய்க்கிறது என்பதே இதன் பொருள். எனவே கைப்பேசியை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. நடையின் முதல் பாதியில் அது பைக்குள் இருக்கட்டும். செவியும் மூக்கும் தங்கள் பங்கைப் பெற்ற பிறகு கண்ணுக்குக் கருவி தரலாம்.

மனம்

ஆறாவது அறிவு மற்ற ஐந்தையும் பொருளோடு இணைக்கிறது. தேயிலைச் சரிவின் பச்சை கண்ணுக்கு இதமானது. அந்தப் பச்சை எப்படி வந்தது என்று மனம் கேட்க வேண்டும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் பெற்றது. சோலை தோட்டமானது. மழையிலும் அட்டையிலும் குளிரிலும் தலைமுறைகளாகத் தொழிலாளர்கள் கொழுந்து பறித்தார்கள். 1999 ஜூலை 23-இல் கூலி கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. பதினேழு பேர், இதே மலையில் பிறக்கும் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். குத்தகை 2028-இல் முடிய இருக்கும் நிலையில், 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டப் பணிகளுக்கு முடிவு கட்டப்பட்டது. காட்டை மீட்பது தேவை. அந்த மலையின் மழையையும் மணத்தையும் குரல்களையும் உடலால் அறிந்த மக்களின் வாழ்வும் அறிவும் அதில் காணாமல் போகக் கூடாது. இந்த வரலாறு தெரியாமல் அந்தச் சரிவில் நிற்பவர் மலையின் பாதியைத்தான் அனுபவிக்கிறார்.

யார் நடக்கலாம், எங்கே நடக்கலாம்

1962-இல் முண்டந்துறை சரணாலயமும் 1976-இல் களக்காடு சரணாலயமும் அமைந்தன. இரண்டும் இணைந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எனவே இங்கே அனுமதியின்றி எந்தக் காட்டுப்பாதையிலும் நுழையக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டின் தேவையைத் தமிழ்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் கொண்ட திட்டத்தை அரசு தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாக இருப்பது அதன் சிறப்பு.

இந்தப் பாதைகளை இப்போது தொலைவாலும் கடினத்தாலும் வகைப்படுத்துகிறார்கள். பாதுகாப்புக்கு அது வேண்டும். அதோடு, குறைந்த தூரமும் நீண்ட நேரமும் கொண்ட மெது நடை என்று ஒரு வகையையும் சேர்க்கலாம். குழு சிறிதாக இருக்கட்டும். ஓரிடத்தில் கால் மணி நேரம் அசையாமல் அமரும் பழக்கம் அதில் இருக்கட்டும். வழிகாட்டி தன் மரபறிவைச் சொல்லும்போது அதற்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைக்கட்டும்.

காட்டுக்குள் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க் கரையே போதும். வயலின் சேற்று மணம், மருதமர நிழலின் குளிர்ச்சி, மீன்கொத்தியின் குரல், மதகில் இறங்கும் நீரோசை என ஐம்புலனுக்கும் அங்கே வேலை இருக்கிறது. முதியவரும் குழந்தையும் அங்கே நடக்கலாம். மலைக்குப் போகுமுன் கரையில் பழகியவர்கள் மலையில் அதிகம் பெறுவார்கள்.

புலன் சாட்சியாகும்போது

திறந்த புலன் நல்லதை மட்டும் காட்டாது. ஆற்றங்கரையில் மெதுவாக நடப்பவரின் மூக்குக்குக் கழிவுநீர் கலக்கும் இடம் தெரிந்துவிடும். பாபநாசத்தில் நீராடுவோர் ஆற்றிலேயே விட்டுச்செல்லும் துணிகள் காலில் சுற்றிக்கொள்ளும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் பெருங்கூட்டத்தின் ஒலிபெருக்கியும் நெகிழிக் குப்பையும், அந்த வழிபாட்டை நெஞ்சார மதிப்பவர்களுக்கே உறுத்தும். வனத்துறையும், மணிமுத்தாற்றில் மையம் வைத்து இயங்கும் ஏட்ரீ (ATREE) ஆய்வு அமைப்பும் பல ஆண்டுகளாக அங்கே மாற்றத்துக்கு உழைக்கின்றன. 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கண்ணையும் காதையும் பழக்கிக்கொண்டவர்களே அந்தப் பணியைச் செய்ய முடியும். ஒரு குளத்தில் பறவை குறைந்ததைத் தொடர்ந்து கவனித்தவர்தான் அதற்கான காரணத்தைத் தேடிப் போவார்.

இங்கேதான் மனநலத்துக்கான வனக் குளியலிலிருந்து நம் தேவை விலகுகிறது. காடு நமக்கு அமைதி தருகிறது என்பது உண்மை. அந்த அமைதியைப் பெற்றுக்கொண்டு திரும்புவதோடு உறவு முடிந்தால், அருவியில் குளித்துவிட்டு வரும் பயணத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதைக் காப்பதும் கெடுப்பதும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. மலையில் விழும் மழையைத் தோலாலும், மண்ணின் உயிரை மூக்காலும், காட்டின் எச்சரிக்கையைச் செவியாலும் அறிந்த ஒருவர் அந்தப் பொறுப்பைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆகவே மலையேற்றத்தின் அளவுகோலை மாற்றுவோம். எத்தனை கிலோமீட்டர் நடந்தோம், எந்த உச்சியைத் தொட்டோம் என்று கேட்பதை விட்டு, எந்தக் குரலைப் புதிதாகக் கற்றோம், எந்த மணத்தை இனம் கண்டோம், எந்த மாற்றத்தைக் கவனித்தோம் என்று கேட்போம். பள்ளிகள் தங்கள் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா அழைத்துச் செல்வதற்குப் பதிலாக, பக்கத்துக் கால்வாய்க் கரைக்கு மாதம் ஒருமுறை அழைத்துச் சென்று இந்தக் கேள்விகளைக் கேட்கட்டும். இரண்டு பருவமழைகளை அப்படிக் கவனித்துக் கடந்த ஒரு மாணவி, தன் ஊர் ஆற்றில் எது குறைகிறது என்பதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் தகுதி பெற்றிருப்பாள்.